கேட்காதீர்கள் என்று கெஞ்சிய வானொலிக்காரர்

வானொலி நடத்திக்கொண்டே, 'தயவுசெய்து கேட்காதீர்கள்' என்று நேயர்களிடம் கெஞ்சிய ஒரே மனிதர் எங்கள் மைக்செட்டுதான். காவிரி டெல்டா என்ன, உலகத்திலேயே இப்படி இன்னொருவர் இருந்தால் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்க்க நான் டிக்கெட் எடுக்கத் தயார்.

மைக்செட்டு என்பது அவருடைய தொழில். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கும். நான் திருக்காட்டுப்பள்ளியில் வங்கி கிளார்க்காக இருந்தபோது, அவருடைய சவுண்டு சர்வீஸ் கடைக்கு மேல் மாடியில்தான் குடியிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான். அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. ஆரம்பித்த பாட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாது. ஒரு கூட்டத்தில் தலைவர் மேடையேறி, துண்டைச் சரிசெய்து, தொண்டையையும் கனைத்துவிட்டார். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒன்றியச் செயலாளர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"யோவ், பாட்ட நிறுத்துய்யா. தலைவர் பேசணும்."

"இன்னும் ஒரு சரணந்தாங்க இருக்கு. அவர உக்காரச் சொல்லுங்க."

தலைவர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்தக் கட்சியிலிருந்து யாரும் மைக்செட்டைக் கூப்பிடவில்லை. மற்ற கட்சிகள் அவரைக் கொண்டாடியிருக்க வேண்டும். முன்ஜாக்கிரதையாக அவர்களும் கூப்பிடவில்லை.

கல்யாண மண்டபங்களும் சொந்தமாக ஸ்பீக்கர் மாட்டிக்கொண்ட பிறகு, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி இணைய வானொலி ஆரம்பித்தார். பெயர் வாய்க்கால் வானொலி. நாள் முழுக்கப் பழைய சினிமாப் பாட்டு. நடுநடுவே அவருடைய குரலில் ஊர் நிலவரம். "கல்லணையில தண்ணி தொறந்தாச்சுங்க. சாயங்காலத்துக்குள்ள நம்ம பாலத்துக்கிட்ட வந்துரும். அடுத்த பாட்டு." அவ்வளவுதான் செய்தி. அதற்கே குவைத்திலும் சிங்கப்பூரிலும் ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். குவைத்தில் லாரி ஓட்டும் வலங்கைமான்காரர் ஒருவர் தினமும் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்புவார். "அண்ணே, பாட்டு எங்க வேணா கெடைக்கும். எங்கூரு வாய்க்கால்ல தண்ணி வந்துச்சான்னு பாட்டுக்கு நடுவுல யாரு சொல்லுவா?" மைக்செட்டு இதை எனக்குப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறார். முழுதாகத்தான் போடுவார்.

அப்புறம்தான் அந்த மெயில் வந்தது. பாட்டுகளின் உரிமையை வைத்திருக்கும் சென்னைக் கம்பெனி ஒன்று, ராயல்டி கட்டாமல் பாட்டுப் போடக் கூடாது என்று எழுதியிருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். ஒரு பாட்டை ஒருத்தர் கேட்டால் இவ்வளவு காசு. நூறு பேர் கேட்டால் நூறு மடங்கு.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"காசு கேக்கறது நியாயந்தான் பேங்கு சார். பாட்டுக் கட்டுனவனுக்கும் பாடுனவனுக்கும் வயிறு இருக்குல்ல. கேசட்டு வாங்குனதோட கணக்கு முடிஞ்சிச்சுன்னு நெனச்சுட்டேன். என் தப்புதான்."

ஆனால் ரேட்டைக் கூட்டிப் பார்த்தபோதுதான் அவருக்கு முகம் வெளுத்தது. அவருக்கு விளம்பரம் கொடுப்பவர்கள் இரண்டே பேர். உரக்கடைக்காரர் மாதாமாதம் ஒரே தொகை கொடுப்பார். ரைஸ் மில்காரர் பணமே கொடுக்க மாட்டார், அரிசியாகக் கொடுப்பார். கேட்கிறவர்கள் கூடினால் வரவு கூடாது, செலவு மட்டும் கூடும்.

மறுநாள் காலை வாய்க்கால் வானொலியில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தது. "நேயர்களே, பாட்ட ஓடவிட்டுட்டு வேற வேல பாக்குறவங்க தயவுசெஞ்சு ஆஃப் பண்ணிருங்க. ஒரே ரூம்புல நாலு பேரு நாலு போன்ல கேக்காதீங்க. ஒரு போன்ல சேந்து கேளுங்க. ஒத்துமையா இருக்கறது நல்லதுதானே." எதிர் டீக்கடையில் ஃபோனைப் பாட விட்டுவிட்டு மாஸ்டர் வடை சுட்டுக்கொண்டிருந்தார். மைக்செட்டு நேராகப் போய் அதை அணைத்தார்.

"ஏண்ணே, உங்க ரேடியோதானே?"

"நீ கேக்கலியே. வடைய கவனி."

இதனால் கூட்டம் குறைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அந்த அறிவிப்பை யாரோ வாட்ஸப்பில் அனுப்பிவிட, விரட்டுகிற வானொலியைக் கேட்க எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். திரையில் எண்ணிக்கை ஏற ஏற மைக்செட்டுக்கு வேர்த்துக் கொட்டியது. "வந்துக்கிட்டே இருக்கானுங்க சார்" என்று தலையில் கை வைத்தார்.

அன்றைக்கே பாட்டை நிறுத்திவிட்டார். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்த பிறகுதான். வெளிநாட்டு சர்வரிலிருந்து திருட்டுத்தனமாக ஓட்டலாம், யாருக்கும் தெரியாது என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. "அப்படிப் போட்டா எனக்கே ரசிக்காதுங்க" என்று சொல்லிவிட்டார். பாட்டில்லாத வானொலியில் தண்ணீர் நிலவரமும் நெல் விலையும் மட்டும் ஓடின. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் வலங்கைமான்காரர் மட்டும் மிச்சம். "மூடிராதீங்கண்ணே" என்று அவர் கேட்டதற்கு மைக்செட்டு பதிலே அனுப்பவில்லை. அந்த நாட்களில் கடையைத் தாண்டி மாடியேற எனக்குக் கஷ்டமாக இருக்கும். மனிதர் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்.

பிறகு ஒருநாள் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, நேரில் வர அனுமதி வாங்கினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், மனிதர் ஒரு சிப்பம் அரிசியோடு நிற்கிறார்.

"எதுக்குண்ணே இது?"

"வெறுங்கையோட போயி பங்கு வாரம் பேச முடியுமா சார்?"

சென்னையில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் அரிசிச் சிப்பத்தை நுழைப்பதற்குள் செக்யூரிட்டியிடம் நான் பட்ட பாடு தனிக்கதை. உள்ளே இருந்த அதிகாரி ஒரு பெண். மரியாதையாக உட்காரச் சொன்னார். பிறகு சிப்பத்தைப் பார்த்தார்.

"இது என்னங்க சார்?"

"வாரங்கம்மா. வானொலியில வந்த வரும்படில உங்க பங்கு. உரக்கடக் காசுல பங்கு கவர்ல இருக்கு. மில்லுக்காரரு குடுத்ததுல பங்கு இது."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் மேலே சுழன்ற ஃபேனைப் பார்த்தேன். மைக்செட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க பக்கம் நெலத்துக்கு ரெண்டு மொறைம்மா. குத்தகைன்னா வெளஞ்சாலும் காஞ்சாலும் பேசுன நெல்ல அளந்தாகணும். வாரம்னா வெளஞ்சதுல பங்கு. உங்க ரேட்டு குத்தகையும் இல்ல. வயல்ல எத்தன கொக்கு எறங்குதுன்னு எண்ணி, கொக்குக்கு இவ்வளவு நெல்லுன்னு கேக்கறீங்க. பெரிய பண்ண தாங்கும். நான் தாங்க மாட்டேன். எனக்கு வாரம் போட்டுக் குடுங்க. அதிகம் வெளஞ்சா உங்களுக்கும் அதிகம். காஞ்சா ரெண்டு பேரும் சேந்து காயுவோம்."

"ரேட் என் கையில இல்லைங்க. மேல கேக்கணும். அதுவரைக்கும் இந்த அரிசிய நான் சிஸ்டத்துல எப்படி என்ட்ரி போடுறது?"

"அரிசின்னே போடுங்கம்மா."

அவர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். எடுத்துப் போகச் சொல்லி எவ்வளவோ கேட்டும், அளந்ததைத் திரும்பத் தூக்கிப் போகும் வழக்கம் இல்லை என்று சிப்பத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தார் மைக்செட்டு.

ரொம்ப நாள் கழித்துப் பதில் வந்தது. சிறிய நிலையங்கள் கேட்பவர் எண்ணிக்கைப்படி கட்ட வேண்டாம், வருமானத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும் என்று எழுதியிருந்தார்கள். பங்கு பணமாக மட்டுமே ஏற்கப்படும் என்று கீழே தனியாக ஒரு வரி. நான் படித்து முடிப்பதற்குள் அவர் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்துவிட்டார். "நேயர்களே, எல்லாரும் வாங்க. தூங்கிக்கிட்டு வேணாலும் கேளுங்க" என்றார். சட்டென்று பாட்டைப் போட்டுவிட்டார்.

தனக்கு வர வேண்டியதற்காக மல்லுக்கு நிற்பவர்களை வங்கிக் கவுன்டரில் தினமும் பார்க்கிறேன். என்னால் கொடுக்க முடிகிற மாதிரி கேளுங்கள் என்று அரிசியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவர் இவர் ஒருவர்தான். இப்போது நான் கோயம்புத்தூர்க் கிளையில் இருக்கிறேன். போன வாரம் மதியச் சாப்பாட்டின்போது என் ஃபோனில் பாட்டு முடிந்து அவர் பேச ஆரம்பித்தார். வாய்க்கால் மதகில் தழை அடைத்திருக்கிறதாம். பக்கத்து சீட்டுக்காரர் டப்பாவைத் திறந்தபடியே கேட்டார்.

"யாரு சார் இது? உங்க சொந்தக்காரரா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமாங்க" என்றேன்.