டேப்பா, ஸ்பேஸா?

"ஏன்னா, மறுபடியும் அடிச்சுக்கறாளா?" என்று கோமளம் சமையலறையிலிருந்து கேட்டபோது, தேசிகன் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. குளித்துவிட்டு வந்து சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று மெயிலைத் திறந்தவர், இன்னும் ஈரத்துண்டோடுதான் உட்கார்ந்திருந்தார்.

பெங்களூர் புரோகிராமர்களுக்கான ஒரு மெயிலிங் லிஸ்ட்டுக்கு அவர் மாடரேட்டர். ஒருவர் எழுதினால் அத்தனை பேருக்கும் போகும். சண்டை வந்தால் அத்தனை பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். விலக்கிவிட வேண்டிய தலையெழுத்து மட்டும் தேசிகனுக்கு. சம்பளம் கிடையாது. சம்பளம் என்று பார்த்தால் அவருக்கு வேறெங்கும்கூடக் கிடையாது. டாட்காம் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்த 2001 அது. அவருடைய கம்பெனியும் படுத்துவிட்டது. ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் தொம்மலூரில் ஒரு கம்பெனி நாளைக்கு இண்டர்வ்யூவுக்குக் கூப்பிட்டிருந்தது. இதுவும் கைவிட்டுப் போனால் லிங்கராஜபுரம் வீட்டைக் காலி செய்துகொண்டு சந்தாபுராவில் மாமனார் வீட்டோடு போய் இருக்க வேண்டியதுதான்.

உட்கார்ந்து படிக்க வேண்டிய நாளில் இப்படி ஒரு பாழாய்ப்போன சண்டை!

"அப்படி என்னதான் தகராறு?" கோமளம் கரண்டியோடு வந்து நின்றாள்.

"புரோகிராம் எழுதறச்சே வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஆரம்பிக்கணும். அதுக்கு டேப் கீயை ஒரு தட்டு தட்டினாப் போறும்கறான் ஃபில்டர்காபி. இல்லை, ஸ்பேஸ் கீயை நாலு தட்டு தட்டணும்கறான் ரூட்ராஜா."

"இதெல்லாம் ஒரு பேரா?"

"புனைபேர். நிஜப்பேர் யாருக்கும் தெரியாது."

"சரி, ஸ்க்ரீன்ல பார்த்தா வித்தியாசம் தெரியுமோ?"

"தெரியாது."

கோமளம் கரண்டியால் தன் நெற்றியில் ஒரு தட்டு தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முதலில் நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தார் தேசிகன். 'இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது' என்று எழுதினார். அவ்வளவுதான்! 'அப்படியென்றால் அந்த முட்டாள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதா?' என்று இரண்டு பேரும் ஒரே குரலில் பாய்ந்தார்கள். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தவர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்கள்.

இனி எந்த மெயிலும் தான் பார்த்து அனுமதித்த பிறகே போகட்டும் என்று கதவைச் சாத்தினார். ஃபில்டர்காபியின் மெயிலை அனுமதித்தார். ரூட்ராஜாவுடையதை அனுமதிப்பதற்குள், ஃபோன் லைனில் வரும் நெட் கனெக்‌ஷன் அறுந்தது.

"கோமளம்! ஃபோனை எடுத்தியா? நெட் போயிடுத்து!"

"அக்காகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சுடறேன்."

அந்த ரெண்டு வார்த்தை முடிந்து அவர் மறுபடி லிஸ்ட்டுக்குள் போனபோது, 'மாடரேட்டர் டேப் கட்சிக்கு விலைபோய்விட்டார்' என்று ஏகப்பட்ட மெயில்கள் அவருடைய அனுமதிக்காகவே காத்திருந்தன. விட்டால் மானம் போகும். நிறுத்தினால் விலைபோனது நிஜம் என்றாகும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விட்டார்.

அந்த அமளியில் சேஷகிரி என்ற நல்ல மனுஷர் மட்டும், 'பாவம் தேசிகன், அவரை விட்டுடுங்கப்பா' என்று ஒரு வரி எழுதியிருந்தார். தேசிகனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனசில் கிடந்ததை அவரிடமாவது கொட்டுவோம் என்று 'ரிப்ளை'யைத் தட்டினார்.

'ரெண்டும் லூசு சார். இதுகளுக்குச் சம்பளம் கொடுத்து வச்சிருக்கிற மேனேஜர் எந்தப் பிரகஸ்பதியோ!'

அனுப்பியும் விட்டார். அந்த லிஸ்ட்டில் ரிப்ளை தட்டினால் அது எல்லாருக்கும் போகும். அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவரே தேசிகன்தான். மாடரேட்டர் மெயிலுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மறுநிமிஷம் அந்த மெயில் அவருக்கே வந்து சேர்ந்தது.

"அய்யோ ராமா!"

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் ஃபில்டர்காபி, ரூட்ராஜா இருவரையும் லிஸ்ட்டிலிருந்தே நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்தார்.

சாயங்காலம் சேஷகிரி ஃபோன் செய்தார்.

"தேசிகன், அந்த ரெண்டு பேரும் யாருன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. ஒரே ஆபீஸ். பக்கத்துப் பக்கத்து சீட்டாம். வாயால பேசிக்கறதே இல்லையாம், எல்லாம் மெயில்லதான்."

"எந்த ஆபீஸ் சார்?"

சேஷகிரி சொன்னார். தேசிகன் ரிசீவரைத் தலைகீழாக வைத்தார்.

"என்ன ஆச்சு?" என்றாள் கோமளம்.

"நாளைக்கு நான் போகப்போற ஆபீஸ்டி."

மறுநாள் தொம்மலூரில் மேனேஜர் சந்திரசேகரன் பயோடேட்டாவைப் புரட்டக்கூட இல்லை.

"அந்த லிஸ்ட் மாடரேட்டர் தேசிகன் நீங்கதானா?"

"ஆமா சார்."

"ரெண்டு பேரையும் நீக்கினதும் நீங்கதான்?"

"சார், அது வந்து... மேனேஜர்னு நான் பொதுவாத்தான்..."

"வெளியில உட்காருங்க" என்று சொல்லிவிட்டு சந்திரசேகரன் எழுந்து விறுவிறுவென்று போய்விட்டார். டெக்னிக்கலாக ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு. சந்தாபுராவில் மாமனார் கேட்கப்போகும் கேள்விகள் ஒவ்வொன்றாகத் தேசிகன் காதில் விழ ஆரம்பித்தன.

ரிசப்ஷனில் மௌரீன் என்ற பெண் ஏதோ டைப் அடித்துக்கொண்டிருந்தாள். தேசிகன் தயங்கித் தயங்கி அவளிடம் போனார்.

"அம்மா, உங்க கம்ப்யூட்டரை ஒரு நிமிஷம் தர முடியுமா? உங்க ஆபீஸ்காரா ரெண்டு பேரை நேத்து ஒரு லிஸ்ட்லேர்ந்து தூக்கிட்டேன். இப்பவே திரும்பச் சேர்த்துடறேன். மேனேஜர் வரதுக்குள்ள..."

மௌரீன் எழுந்து இடம் விட்டாள். அவர் அவசர அவசரமாக லிஸ்ட்டுக்குள் போய், இரண்டு பெயர்களையும் அடித்து, என்டர் கீமேல் விரலை வைத்தார். எட்டிப் பார்த்த மௌரீன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அந்தப் பாவத்தை மட்டும் செஞ்சுடாதீங்க சார்! அவங்களை நீங்க தூக்கின பிறகுதான் இந்த ஆபீஸ்ல மாசக்கணக்கா நின்னுபோயிருந்த வேலை நகர ஆரம்பிச்சிருக்கு. சந்திரசேகரன் சார் இப்ப உள்ள போயிருக்கறதே அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உங்களுக்கு ஒரு மேஜை போடத்தான்!"