அமெரிக்க அப்புக்காத்தரும் என் கடதாசி மேசையும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் என்ன சொல்லிக்கொண்டிருந்தாலும், கார் நின்றால் இறங்கிவிடுவேன். அந்தப் பழக்கம் நாங்கள் சீட்டாடும் கடதாசி மேசையையே விழுங்கியது.

டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழே முதியோர் சங்கம். செவ்வாய்தோறும் அங்கே கடதாசியில் முந்நூற்றிநாலு என்ற ஆட்டம் விளையாடுவோம். (விளையாட்டென்றாலும் சண்டைதான்.) அந்த வருடம் தலைவர் பதவிக்குச் சண்முகம் மாஸ்டர் நின்றார்.

"நான் வந்தால் கடதாசி இல்லை. செவ்வாய்க்கிழமையில இங்கிலீஷ் வகுப்பு."

எதிர்த்து நானே நின்றேன். எழுத்து வாசனை இல்லாத நான்!

துணிவு தந்தது மருமகன். யூனியன்வில்லில் அவர் வீட்டுக்குப் போகும்போது, கார் ரேடியோவில் ஓடிய இங்கிலீஷ் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு அப்புக்காத்தர். படிப்புக் குறைவு. இரவல் புத்தகத்தில் சட்டம் படித்து, காடெல்லாம் குதிரையில் போய் வழக்குப் பேசியவர். (நீதிமன்றம் சாராயக்கடைதானாம். தங்க இடமில்லாமல் இரவில் நீதவானும் அவரும் ஒரே கட்டில்.) பகிடி சொல்லியே சனத்தைப் பிடித்து, சட்டசபைக்கு நின்றாராம்.

"தனக்குத் தானே போடுறது மரியாதையில்லை எண்டு, வோட்டை எதிராளிக்குப் போட்டவராம், மாமா."

என்ன மனுசன்! கார் நின்றது. இறங்கிவிட்டேன்.

அவருக்குக் குதிரை, எனக்கு லிஃப்ற். மாடி மாடியாகக் கதவு தட்டினேன், பகிடி விட்டேன். வீட்டுக்கு வீடு தேத்தண்ணி குடித்து, சீனி ஏறி, டொக்டரிடம் ஏச்சும் வாங்கினேன். தேர்தலன்று வாக்குச்சீட்டை மறைத்துப் பிடித்து மாஸ்டருக்குப் போட்டேன். பெருமை தாங்கவில்லை.

எண்ணினார்கள். மாஸ்டருக்கு முப்பத்தொன்று. எனக்கு முப்பது.

"மாஸ்டர், நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

"எனக்குத்தான். வேற ஆருக்கு? ஏன் அண்ணை, நீங்கள்?"

இருமினேன். என் மனைவி இராசத்துக்கு அந்த இருமல் தெரியும்.

"என்னப்பா! கட்டடம் முழுக்க வோட்டுக் கேட்டுத் திரிஞ்சு, நீங்களே உங்களுக்குப் போடேல்லையோ?"

மருமகனுக்குப் போன் எடுத்தேன். "உந்த அப்புக்காத்தர் எப்பிடித் தம்பி வெண்டவர்?"

"மாமா, அந்த முறை அவர் ஒரு வோட்டால தோத்தவர். சொல்ல வாயெடுக்க, நீங்கள் இறங்கிப் போட்டீங்கள். சட்டசபைக்குப் போனது அடுத்த முறை, தனக்குத் தானே போட்டு."

இப்போது செவ்வாய்தோறும் மாஸ்டரின் வகுப்பில் முன்வாங்கில் இருக்கிறேன். கார் நின்று நான் கதவில் கை வைத்தால் போதும், பின்சீற்றிலிருந்து இராசம் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

"இருங்கோப்பா! அப்புக்காத்தர் இன்னும் வெல்லேல்லை."