ஒழுகட்டும் விடுங்கள், மச்சான்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. நான், உங்கள் தங்கை, பாப்பா மூவரும் இங்கே சுகம். உங்கள் வீட்டில் அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் குடியிருக்கும் உங்கள் வீடும் நீங்கள் விட்டுப்போன மாதிரியே சுகமாக இருக்கிறது. வெளிச்சுவரெல்லாம் ஈரம் என்று கீழ்வீட்டுக்காரர் உங்களிடம் வத்தி வைத்து, "ஊரார் ஏசியெல்லாம் ரிப்பேர் பார்க்கிற மாப்பிள்ளைக்குச் சொந்த ஏசி ஒழுகுவது தெரியவில்லையா" என்று நீங்கள் எழுதிய கடிதமும் கிடைத்தது. கிடைத்த அன்றே சரி செய்துவிட்டேன். அதனால் என்ன ஆனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

பாப்பாவுக்கு இப்போது பள்ளிக்கூடமே ஃபோனில்தான், அதிலே இயற்கையைக் கவனிக்கிற வகுப்பு ஒன்று இருக்கிறது என்று போனமுறை பேசியபோது சொன்னேன். ஃபோனில் இயற்கையைக் காட்டுவது ஃபோனில் பசியாற்றுகிற மாதிரி என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், மரியாதைக்கு. உங்களிடம் அப்போது சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. வீட்டில் பாப்பா வாயை மூடமாட்டாள், அந்த விஷயத்தில் அவள் உங்கள் குடும்பம்தான். ஆனால் ஃபோனில் டீச்சர் முகம் தெரிந்துவிட்டால் கல்லாகச் சமைந்துவிடுவாள். வகுப்பு ஃபோனுக்கு மாறியதிலிருந்து அதிலே ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற ஏதாவது ஓர் உயிரைக் கவனித்து, பரீட்சைக்கு முன்னால் வகுப்பில் வாயைத் திறந்து சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் இதே வகுப்புதான் என்று டீச்சர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். அன்றைக்கு உங்கள் தங்கை அழுத அழுகையில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை யாரும் பார்க்கவில்லை.

இருப்பதோ நாலாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர், இயற்கைக்கு நான் எங்கே போவேன்? ஒரு நாள் வகுப்பு நடக்கும்போதே எதிரில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. இதை விட்டால் வேறு கதியில்லை என்று பாப்பா கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி வெளியே நீட்டினேன். காக்காவுக்கு என்ன கோபமோ, நேரே என் கைக்கு வந்தது, நான் உதற, ஃபோன் போய்க் கீழ்வீட்டு சன்ஷேடின் மேல் மல்லாக்க விழுந்தது. நான் கீழ்வீட்டுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவர் ஜன்னல் வழியாக அதை எடுக்கும்வரை, பின்னாலேயே போய் அதைக் கொத்திய காக்காவின் வாய்க்குள் வகுப்பு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. டீச்சர் அதை வைத்தே பாடத்தை முடித்து, யார் வீட்டு ஏற்பாடு இது, பிரமாதம் என்றாராம். பாப்பா மூச்சுவிடவில்லை. வந்த நல்ல பெயரும் வீணாய்ப் போனது.

ஆனால் ஃபோன் எங்கே கிடக்கிறது என்று எட்டிப் பார்த்த பாப்பா, அது உடையாத காரணத்தையும் பார்த்திருக்கிறாள். நம் ஏசி பைப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் அந்த சன்ஷேடு முழுக்கப் பாசி, மெத்தை மாதிரி. அன்றிலிருந்து ஜன்னல் கட்டையில் மோவாயை வைத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பிள்ளை வெறித்துப் பார்க்கிறாளே, டாக்டரிடம் காட்டலாமா என்று நானும் உங்கள் தங்கையும் குசுகுசுவென்று பேசிக்கொண்டோம். அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் கடிதம் வந்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இடுப்பில் பாதுகாப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கி, பைப்புக்குச் சரிவு கொடுத்து, கிளாம்ப் அடித்து, மழைத்தண்ணீர்க் குழாயோடு சேர்த்துவிட்டேன். ஒரு சொட்டு கிடையாது. தொழில் சுத்தம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்கப் பாப்பா சரியாகச் சாப்பிடவில்லை, ஏன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வகுப்பில் டீச்சர் வழக்கம்போல அவளைக் கூப்பிட்டார். நான் பனியனோடு கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். திடீரென்று, "டீச்சர், எங்கப்பா பைப்பை சரி பண்ணிட்டாரு, என் குருவி இப்ப வர்றதில்ல" என்றாள். மச்சான், அப்புறம் மடை திறந்தது. ஏசி ஓடுகிற சத்தம் கேட்டதும்தான் குருவி வருமாம், சத்தம் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே பார்க்காதாம். பைப்பைச் சரி செய்த பிறகும் சத்தத்தை நம்பி வந்து, காய்ந்த பாசியில் உட்கார்ந்து, பைப்பை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டது. குளவியும் வரும், அது பாசிமேல் நின்றுதான் குடிக்கும், கிண்ணம் என்றால் விழுந்து செத்துப்போகும் என்று உடனே பதில் சொன்னாள்.

உங்கப்பாவைக் கூப்பிடு என்றார்கள். பனியனோடு போய் நின்றேன். சின்னச் சின்னக் கட்டங்களுக்குள்ளிருந்து அத்தனை பிள்ளைகளும் என்னை முறைத்தார்கள். டீச்சர் மெதுவாக, "சார், மறுபடி ஒழுக வைக்க முடியுமா?" என்றார். என் சர்வீஸில் யாரும் என்னிடம் கேட்காத வேலை! உங்கள் தங்கை ஃபோனைப் பிடிக்க, வகுப்பு பார்க்க, நான் வெளியே இறங்கிக் கிளாம்பைக் கழற்றிப் பைப்பைப் பழைய இடத்துக்கு இழுத்தேன். ஏசியைப் போட்டதும் சொட்டியது. எல்லோரும் காத்திருந்தோம். ஒரு நிமிஷம் சும்மா இருக்காத பிள்ளைகள் கண்கொட்டாமல் இருந்தார்கள். முதலில் குளவி வந்தது. அப்புறம் குருவி வந்து எட்டத்தில் உட்கார்ந்தது. உடனே வகுப்பு மொத்தமும் ஓவென்று கத்த, குருவி கிளம்பப் பார்த்தது. நம் பாப்பா, வாயே திறக்காத பாப்பா, ஃபோனுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், "யாரும் சத்தம் போடக் கூடாது, அது தண்ணி குடிக்கட்டும்" என்று ஓர் அதட்டு அதட்டினாள். டீச்சர் உட்பட எல்லோரும் கப்சிப். குருவி குடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை. பாப்பா பாஸ். ஃபோனில் இயற்கை வராது என்றீர்களே, வந்து தண்ணீரும் குடித்துவிட்டுப் போனது மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். நீங்கள் நீண்ட ஆயுளோடும் குறையாத பொறுமையோடும் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: வீடு சுகம் என்று மேலே எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள். அன்றைய ஆவேசத்தில் பைப்பை இழுத்ததில் சரிவு உள்பக்கமாகத் திரும்பி, வெளியே பாதி, உங்கள் படுக்கையறைச் சுவருக்குள் பாதி என்று தண்ணீர் இறங்குகிறது. மூலையில் பாசி பிடித்து, நேற்று ஒரு காளானும் தலைகாட்டியிருக்கிறது. பாப்பா அதை வகுப்பில் காட்ட, டீச்சர் அடுத்த பாடமே அதுதான் என்று அறிவித்துவிட்டார். நாங்கள் கூடத்தில் படுக்கிறோம். ஈரச்சுவருக்கு வண்ணமடிக்க நீங்கள் அனுப்பிய பெயிண்டரை வாசலோடு திருப்பி அனுப்பியது நான் இல்லை, உங்கள் மருமகள். இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாமா வரட்டும்பா. ஆனா அந்தச் சுவர் பக்கத்துல நின்னு சத்தம் போடக் கூடாதுன்னு எழுது."