சொந்த டிராகன்

இருமலுக்கு மருந்து கேட்டவரிடம் மருந்துக்கடைக்காரர் கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்தை நீட்டினார்.

"அண்ணே, எனக்கு இருமல். கண்ணு நல்லாத்தான் தெரியுது. உங்களுக்குத்தான் தெரியல போல."

மன்னிப்புக் கேட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தார் மருந்துக்கடைக்காரர். தப்பு அவருடையது அல்ல, கல்லாப்பெட்டி மேல் கிடந்த கைப்பேசியுடையது. அதில் 'பருந்து' என்கிற வாசகர் இப்படி எழுதியிருந்தார்:

"அநாதைச் சிறுமி, கையில் மச்சம், ஏழு மலை, குகைக்குள் ஒரு டிராகன். இதையெல்லாம் எத்தனை புத்தகத்தில் படித்தாயிற்று! இவரிடம் சொந்தச் சரக்கு ஏதாவது உண்டா? ஒரு நட்சத்திரம். அதுவும் அட்டைப்படத்துக்கு."

புத்தகத்தின் பெயர் 'அணையாத குகை'. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மாயாஜால நாவல். கூட்டமில்லாத மத்தியானங்களில், பிரித்த மருந்து அட்டைப்பெட்டிகளின் பின்பக்கத்தில் அவர் எழுதியது. மாத்திரை கொடுக்கிறவர் மாயாஜாலம் எழுதுகிறார் என்று தெரிந்தால் மாத்திரையின் மேல் நம்பிக்கை போய்விடுமே என்று 'நீலத்தும்பி' என்ற புனைபெயரில் வெளியிட்டிருந்தார்.

அதே பக்கத்தில் சற்றுக் கீழே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "இப்படி ஒரு டிராகனை நான் எங்கேயுமே படித்ததில்லை" என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தாள். ஒரே டிராகன்தான். ஒருத்தருக்குப் பழசு, ஒருத்தருக்குப் புதுசு. அவர் அந்த ஐந்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் பாராட்டு தொண்டையோடு இறங்கிவிடும், வசவுதான் பல்லில் சிக்கிய நார் மாதிரி நாக்கில் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும்.

'நடுநிலை வாசகர்' என்று புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி, பருந்துக்குப் பதில் போட்டார்: "இந்த எழுத்தாளரை எனக்கு நேரில் தெரியும். மிகமிகமிக நல்ல மனிதர். காப்பி அடிக்கவே தெரியாதவர்."

பருந்து பத்தே நிமிடத்தில் கொத்தியது: "நடுநிலை வாசகரே, 'மிகமிகமிக' என்று எழுதுகிறவர் நான் படித்த வரையில் ஒருவர்தான். அவர் பெயர் நீலத்தும்பி."

சும்மா கிடந்த ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று. சாயங்காலம் பதிப்பாளர் அம்மா கூப்பிட்டார்.

"யாரு சார் அந்த நடுநிலை வாசகர்?"

"சத்தியமா எனக்கு மிகமிக..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தெரியாதும்மா."

"ஞாயித்துக்கிழமை நூலகத்துல வாசகர் கூட்டம் வச்சிருக்கேன். நேர்ல வந்து பேசி முடிச்சுக்குங்க. காப்பின்னு பேர் நெலைச்சுதுன்னா ரெண்டாம் பாகத்த நான் போட மாட்டேன். முன்னாடியே சொல்லிட்டேன்."

முதல் பாகத்தின் முடிவில் அந்த அநாதைச் சிறுமி மலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையில் தொங்குகிறாள். ரெண்டாம் பாகத்தில்தான் ஏறி வருவாள். அது வராவிட்டால் பாவம், காலத்துக்கும் தொங்கவேண்டியதுதான். பெற்ற பிள்ளையைத் தொங்கவிட்டுவிட்டு எந்தத் தகப்பனால் நிம்மதியாகத் தூங்க முடியும்?

தூங்க முடிந்தவர் அந்த வீட்டில் ஒருத்தர் இருந்தார். மனைவியின் அண்ணன். "நாலு நாள் தங்கிட்டுப் போறேன்" என்று பெட்டியோடு வந்தவருக்கு, வருஷம் மூணு ஆகியும் அந்த நாலாம் நாள் இன்னும் வந்தபாடில்லை. தொலைக்காட்சியின் முன்னால் சோபாவில் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் மெல்லச் செய்திச் சேனலுக்கு மாற்றினார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் மச்சான், கண்ணைத் திறக்காமலே.

மருந்துக்கடைக்காரர் பழையபடி மாற்றி வைத்துவிட்டு மனைவியிடம் போனார். "ஞாயித்துக்கிழமை என் புத்தகத்தப் பத்திக் கூட்டம். காப்பி விஷயமாப் பேசுறாங்க."

மச்சானுக்கு ஒரு கண் திறந்தது. "காப்பியா? கூட டிபனும் உண்டா மாப்ள?"

"மச்சான், இது வேற காப்பி."

"எந்தக் காப்பியா இருந்தா என்ன, சக்கரை தூக்கலா இருந்தாச் சரி. நானும் வர்றேன்."

"அண்ணன் வந்தா நானும் வர்றேங்க" என்றாள் மனைவி. "அந்த மாயாஜாலமெல்லாம் படிக்கத்தான் எனக்குப் பொறுமையில்ல. காதால கேக்கலாம்ல?"

பருந்து என்றதும் முறுக்கிய மீசையோடு ஓர் ஆளை மனதில் வைத்திருந்தார் மருந்துக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு வந்ததோ சிட்டுக்குருவி மாதிரி ஒரு கல்லூரிப் பெண். தோள்பை மட்டும் கனமாக இருந்தது.

கூட்டம் ஆரம்பித்ததுமே இரண்டாகப் பிரிந்தது. "குகையும் டிராகனும் யாரோட அப்பன் வீட்டுச் சொத்தும் இல்ல" என்றார் தையல்கடைக்காரர் ஒருவர். "சட்டைன்னா ரெண்டு கை, ஒரு காலர். அதுக்காக ஊர்ல உள்ள சட்டையெல்லாம் காப்பியா?"

"போன மாசம் நீங்க எனக்குத் தச்ச சட்டையில ஒரு கை நீளம், ஒரு கை குட்டை" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அதுதாங்க ஒரிஜினல்!"

"இருநூத்தி நாப்பத்தேழு எழுத்துல எத எழுதினாலும் ஏற்கெனவே யாரோ எழுதினதாத்தான் இருக்கும்" என்றார் ஒருவர். "அப்படின்னா எதுக்கு எழுதணும்?" என்றார் பக்கத்தில் இருந்தவர். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் மருந்துக்கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்றார்.

"என் பொண்ணு மேல சத்தியமாச் சொல்றேன், இது என் சொந்தக் கதை!"

"சொந்தக் கதையா?" என்றாள் பருந்து. "அப்ப இதையும் உங்க வீட்லதான் பாத்தீங்களா சார்?" புத்தகத்தைப் பிரித்து வாசித்தாள்:

"மாயக் கண்ணாடியின் முன்னால் டிராகன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. சிறுமி ஓசைப்படாமல் கண்ணாடியைத் திருப்பினாள். 'பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்' என்றது டிராகன், கண்ணைத் திறக்காமலே."

மனைவி மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வை மருந்துக்கடைக்காரருக்கு நன்றாகப் பழக்கமானது. இருதலைக்கொள்ளி எறும்பானார் அவர். சொந்தம் என்றால் வீடு போகும், சொந்தமில்லை என்றால் புத்தகம் போகும்.

"இல்ல... டிராகன் மட்டும் சொந்தமில்ல. அது எங்கயோ... படிச்சது."

கூட்டத்தில் ஓவென்று சத்தம் கிளம்பியது. பதிப்பாளர் அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"எங்கன்னு நான் சொல்றேன் சார்." பருந்து தோள்பையிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்தாள். "'சாம்பல் சிறகு'. குகைவாசின்னு ஒருத்தர் எழுதினது. மூணு வருஷம் முன்னாடி வந்துச்சு. அதே குகை, அதே குறட்டை, அதே வரி."

மருந்துக்கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். வரி அப்படியே இருந்தது. அந்தப் புத்தகத்தை அவர் வாழ்நாளில் கண்டதே இல்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? அவருக்கே நம்பிக்கை வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குறட்டை எழுந்தது. நூலகர் வந்து தோளைத் தொட்டார். "ஐயா, கூட்டம் நடக்குது. தூங்காதீங்க."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் மச்சான், கண்ணைத் திறக்காமலே.

கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது. பருந்துகூட வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்காதவள் ஒருத்திதான்.

"ஏங்க, எங்கண்ணனையா டிராகனாக்கி ஊர் சிரிக்க வச்சீங்க?"

மருந்துக்கடைக்காரர் தலை குனிந்தார். ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷனைக் கதையாக்கியது அப்போதுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

ஐந்து நட்சத்திரம் கொடுத்த அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியும் கூட்டத்துக்கு வந்திருந்தாள்; அவள் எழுந்தாள். "ஆன்ட்டி, கோச்சுக்காதீங்க. நான் ரெண்டு புத்தகமும் படிச்சிருக்கேன். அதுல டிராகன்னா எல்லாருக்கும் எரிச்சல். கடைசி அத்தியாயத்துல வெட்டிக் கொன்னுடுறாங்க. இதுல அந்தப் பொண்ணு காய்ச்சலா கிடக்கும்போது, மழ நிக்கிற வரைக்கும் டிராகன் சிறகு விரிச்சுப் பிடிச்சுக்கிட்டே நிக்கும். நான் அழுதுட்டேன். இதுல அத யாரும் கொல்லல, தட்டு வச்சுச் சாப்பாடு போடுறாங்க. இது எப்படிங்க காப்பி ஆகும்?"

மனைவிக்கு முகம் மாறியது. மகளுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தபோது, வண்டி கிடைக்காமல் கொட்டுகிற மழையில் பிள்ளையைத் தன் சட்டைக்குள் பொதிந்து தூக்கிக்கொண்டு ஓடியது இந்த அண்ணன்தான். அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பருந்து லேசில் விடுகிற ரகமில்லை. "சரி சார், உங்க வீட்டு டிராகன் உங்களுக்குச் சொந்தம்தான், ஒத்துக்கறேன். ஆனா அதே வரி மூணு வருஷம் முன்னாடியே வேற ஒருத்தர் புத்தகத்துல எப்படி வந்துச்சு?"

தையல்கடைக்காரர்கூடக் கூரையைப் பார்த்தார். பதிப்பாளர் அம்மா ரெண்டாம் பாகத்தின் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தார்.

மச்சான் கண்ணைத் திறந்து, சோம்பல் முறித்து, எழுந்து நின்றார்.

"அந்தக் குகைவாசி என் பெரிய தங்கச்சி வீட்டுக்காரர்தாம்மா, கடைசி அத்தியாயத்தப் படிச்ச அன்னிக்கே நான் அங்கேயிருந்து பெட்டியத் தூக்கிக்கிட்டு இவர் வீட்டுக்கு வந்துட்டேன்."