முதல் பக்கத்து உப்பு

"ஏழாம் பக்கமா!" என்று அப்பாவு முதலாளி போட்ட சத்தத்தில், ஆபீஸ் வாசலில் நிழலுக்குப் படுத்திருந்த நாய் எழுந்து உப்பளம் பக்கம் போய்விட்டது.

கலைமதி எட்டிப் பார்த்தாள். முதலாளி தன் செல்போனில் 'மரக்காணம் உப்பு' என்று தேடியிருந்தார். அவருடைய தெய்வநாயகி சால்ட்ஸ் ஏழாம் பக்கத்தில் கிடந்தது. நாலாம் பக்கத்திலேயே எவனோ ஒருவன், 'மரக்காணத்தில் சாப்பிட்டோம், சாம்பாரில் உப்பே இல்லை' என்று எழுதி வைத்திருந்தான்.

"உப்பு இல்லேன்னு சொல்றவன் எனக்கு முன்னால நிக்கிறான். பாத்தி பாத்தியா உப்பு வச்சிருக்கிறவன் பின்னால நிக்கிறேன். என்னம்மா அநியாயம் இது?"

கலைமதியின் வேலை பில் போடுவது. கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்பதால் வெப்சைட்டும் அவள் தலையில் விழுந்திருந்தது.

"பெங்களூர்ல பதினோரு ஓட்டல் வச்சிருக்கிறவங்க கல்லுப்புக்கு ஆள் தேடறாங்களாம். ஆடி பொறக்கிறதுக்குள்ள நாம முதல் பக்கத்துல இருக்கணும். இல்லேன்னா பில்லை நானே கையால எழுதிக்கிறேன். புரியுதா?"

புரிந்தது. பிரம்மதேசத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள் அவள். வீட்டில் மாசச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆளும் அவள்தான்.

"நல்லதா ஏதாவது கட்டுரை எழுதிப் போடலாம் சார்" என்றாள்.

"உப்புல எழுதறதுக்கு என்ன இருக்குது? உப்புன்னு நூறு தடவை எழுது. எவன் உப்புன்னு தேடினாலும் நம்மகிட்ட வந்து முட்டிக்கணும்."

எழுதினாள். 'உப்பு வேண்டுவோர் உப்புக்கு உப்பான எங்கள் உப்பை உப்பளத்து உப்பு விலையில் வாங்கி உப்புங்கள்.' கடைசிச் சொல் முதலாளி சேர்த்தது.

ஒரே வாரத்தில் பன்னிரண்டாம் பக்கம்.

வெப்சைட்டை முன்னுக்குக் கொண்டு வருகிறவன் என்று யாரோ சொல்ல, முதலாளி புதுச்சேரியிலிருந்து அரவிந்தன் என்பவனை வரவழைத்தார். கழுத்தில் டை, காலில் செருப்பு.

"கட்டுரையெல்லாம் யாரு மேடம் படிக்கிறாங்க? வேற வெப்சைட்டுங்க நம்மளக் கை காட்டணும். அதுக்குப் பேரு லிங்க். ஆயிரம் லிங்க் வாங்கித் தர்றேன், அப்புறம் பாருங்க."

"எந்த வெப்சைட்டுங்க?" என்றாள் கலைமதி.

"எதுவா இருந்தா என்ன? கை காட்டினாப் போதும்."

பத்தே நாளில் இரண்டாம் பக்கம். முதலாளி எல்லாருக்கும் ஜிலேபி கொடுத்தார். மறுநாள் போன் அடித்தது.

"பொண்ணு ரோகிணி நட்சத்திரம்ங்க. உங்க பையனுக்கு என்ன வயசு?"

"இது உப்புக் கம்பெனிங்க."

"பரவாயில்லைங்க, சொந்தத் தொழில்தானே?"

அரவிந்தனுடைய லிங்க் பாதி கல்யாணத் தகவல் மையங்களில் இருந்தது. மீதி வழுக்கைத் தைலம். "எத்தனை நாள் தேய்க்கணும்?" என்று கேட்டவர், கலைமதி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் அரைக் கிலோ அனுப்பச் சொன்னார். மூன்றாம் வாரம், காசுக்கு வாங்கிய லிங்க் என்று பிடிபட்டு, தெய்வநாயகி சால்ட்ஸ் எந்தப் பக்கத்திலும் இல்லை. பேர் போட்டுத் தேடினாலும் கிடைக்கவில்லை.

"இப்ப எங்கம்மா இருக்கோம்?"

"எங்கயும் இல்லீங்க சார்."

கலைமதி கம்ப்யூட்டரை அணைத்தாள். எழுந்து உப்பளத்துக்கு நடந்தாள். கண் கூசுகிற வெயிலில் உப்பு வாருகிற பொன்னி பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக் கொண்டிருந்தாள்.

"அக்கா, நல்ல உப்பு எது, மட்டமான உப்பு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதென்ன கம்ப சூத்திரமா? கையில அள்ளி இறுக்கிப் புடி. விரிச்சா பொலபொலன்னு உதிரணும். நசநசன்னு ஒட்டிக்கிச்சுன்னா ஆகாது. தண்ணியில போட்டா அடியில சேறு நிக்குதா? அப்ப வாரும்போது தரையையும் சேர்த்துச் சுரண்டிட்டாங்க. நாக்குல வச்சா கரிக்கணும். கரிச்சுட்டுக் கசந்துச்சுன்னா, பாத்தியில கடைசியா நிக்கிற தண்ணியை வெளிய விடாம, பேராசையில அதையும் காய வச்சுட்டாங்க."

கலைமதி ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி வெப்சைட்டில் போட்டாள். பழைய லிங்குகளை ஒவ்வொன்றாகக் கெஞ்சி எடுக்க வைத்தாள். ஆரோவில்லில் ரொட்டி சுடுகிற ஒரு பெண் அந்தக் கட்டுரைக்குத் தன் பக்கத்தில் லிங்க் கொடுத்தாள். அங்கிருந்து ஒரு சமையல் சானல், ஒரு கல்லூரி, ஒரு டாக்டர். யாரையும் யாரும் கேட்கவில்லை.

அரவிந்தன் போன் செய்தான். "இந்த லிங்க்கெல்லாம் யாருகிட்ட மேடம் வாங்கினீங்க? நம்பர் குடுங்களேன்."

ஆனி முடியும் முன்னே முதல் பக்கம், முதல் வரி. முதலாளி அப்போதுதான் 'நல்ல உப்புக்கு மூன்று சோதனை' என்ற கட்டுரைத் தலைப்பை மட்டும் படித்தார். மகிழ்ச்சி தாங்காமல் அடியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'எங்கள் உப்பு இத்தனை சோதனையிலும் தேறும். நம்பாதவர் நேரில் வரலாம்.'

பெங்களூரிலிருந்து ஜான்சி என்ற அம்மாள் நேரில் வந்தார். ஓட்டல்களுக்குச் சரக்கு வாங்கும் அதிகாரி. கையில் கட்டுரையின் நகல்.

மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளி இறுக்கினார். விரித்தார். கையை உதறினார். இன்னொரு தடவை உதறினார். தம்ளரில் கரைத்து வெளிச்சத்தில் பார்த்தார். நாக்கில் வைத்தார். பிறகு அவருக்கென்று வாங்கி வைத்திருந்த ஜிலேபியைத் தாமே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"கட்டுரை ரொம்பப் பிரமாதமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பியது. முதலாளி ஒரேயடியாக வெடித்தார்.

"கலை! யாரு சொல்லிக் குடுத்து எழுதினே?"

அவள் தயங்கித் தயங்கிப் பெயரைச் சொன்னாள். பொன்னி அழைத்து வரப்பட்டாள். முழங்கால் வரை வெள்ளை பூத்திருந்தது.

"உண்மையைச் சொல்லு பொன்னி. மட்டமான உப்பைப் பத்தி இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும்? எந்தக் கம்பெனிக்காரன் உன்னைத் தூண்டி விட்டான்?"

பொன்னி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற கம்பெனிய நான் கண்டேனா முதலாளி? பதினெட்டு வருசமா நம்ம உப்பைத்தானே வாரிக்கிட்டிருக்கேன்."