மகளிர் விடுதியில் தேனீ தேடியவன்

தேன் எடுக்கும் நாளில் தேனீ வளர்ப்பவனுக்கு ஊரெல்லாம் சொந்தக்காரர்கள். மற்ற நாட்களில் அவன் வீட்டுப் பக்கம் ஒருத்தரும் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். எண்பதுகளின் ஆரம்பத்தில், மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து, மணிமங்கலத்தில் புதுக்குடித்தனம் போட்டிருந்த எனக்கு இது நன்றாகவே தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு தேனீப் பெட்டி. புகை போடமாட்டேன், சர்க்கரைத் தண்ணீர் வைக்கமாட்டேன். தேனீ தன் இஷ்டப்படி வாழட்டும், மிஞ்சியதைக் கொடுத்தால் போதும் என்பது என் கொள்கை. (கொள்கைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. கைக்குத்தான் பக்குவம் போதாது.) ஒருநாள், அடையைத் தூக்கிப் பார்க்கிறேன் பேர்வழி என்று ராணித் தேனீயை நசுக்கிவிட்டேன்.

ராணி போய், அடையில் அவள் இட்ட முட்டையும் இல்லையென்றால் கூட்டமே கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடும்; என் பெட்டியில் முட்டையும் இல்லை. வேறொரு கூட்டிலிருந்து முட்டை உள்ள அடைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால், அதிலிருந்து அவையே புது ராணியை வளர்த்துக்கொள்ளும். அதற்கு என்னைப் போல இன்னொரு பைத்தியம் வேண்டும். எங்கள் பக்கத்தில் கிடையாது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கூட்டம் குறைந்திருப்பதைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மனைவி பிலோமினா நிதானமாகச் சொன்னாள்: "பொட்டி காலியானா சொல்லுங்க. அதுல கோழிய உக்கார வைக்கணும்."

அவ்வளவு பெரிய மெட்ராஸில் ஒருத்தன்கூடவா இருக்கமாட்டான் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரயிலேறினேன். முதலில் ஒரு தேன் கடையில் விசாரித்தேன். "எங்களுக்குத் தேன் டின்னுல வருது சார். தேனீ வர்றது இல்ல" என்றார் கடைக்காரர்.

வெளியே ஒரு கரும்பு ஜூஸ் வண்டி. அதைச் சுற்றித் தேனீக்கள்! அதில் ஒன்றின் முதுகில், தொழிற்சாலைப் பழக்கத்தில் பையிலிருந்த சாக்பீஸைத் தூளாக்கித் தூவினேன். வெள்ளை முதுகோடு பறந்துபோனது, சீக்கிரமே திரும்பி வந்தது. அப்படியென்றால் கூடு பக்கத்தில்தான். ஒரு தம்ளர் ஜூஸ் வாங்கிக்கொண்டு, தேனீ போன திசையில் கொஞ்சம் நடப்பது, நின்று தம்ளரை நீட்டுவது, வந்து குடித்துவிட்டுப் பறந்தால் மறுபடி நடப்பது. பார்வை முழுக்க ஆகாயத்தில். (ஜூஸ் வண்டிக்காரர் தம்ளரைக் கேட்டுக் கத்தியது பின்னால்தான் ஞாபகம் வந்தது.)

ஒரு மதில் சுவரின் இடிந்த சந்து வழியாக உள்ளே போனேன். பழைய மீட்டர் பெட்டி ஒன்றுக்குள் தேனீக்கள் போய்வந்துகொண்டிருந்தன. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

"யோவ்! ஜூஸ் குடிக்க வேற எடம் கெடைக்கலியா உனுக்கு?"

வாட்ச்மேன். அப்போதுதான் கண்ணைக் கீழே இறக்கினேன். சுற்றிலும் கொடிகளில் பாவாடைகள், தாவணிகள். மாடியில் வரிசையாகப் பெண்கள். அது லேடீஸ் ஹாஸ்டல்.

"தேனீ பாக்க வந்தேங்க."

"இன்னாது, தேனீயா? போன வாரம் வந்தவன் பந்து எடுக்க வந்தேன்னான்."

சட்டைக் காலரைப் பிடித்து வார்டன் அறைக்கு இழுத்துப் போனார். நடந்ததையெல்லாம் தம்ளரும் கையுமாகச் சொல்லி முடித்தேன். வார்டன் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பசங்க அந்தச் சந்து வழியா வந்து தொல்லை பண்ணாங்க. தானா வந்து கூடு கட்டின தேனீய யாரும் கலைக்கக்கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கேன். அதுங்களுக்குப் பயந்து அந்தப் பக்கம் எவனும் வர்றதில்ல. இப்ப அதுங்களே ஒரு ஆம்பளைய உள்ள கூட்டிக்கிட்டு வந்திருக்குதுங்க."

"அடையில ஒரு துண்டு கெடைச்சா..."

"உங்க மனைவி வந்து, நீங்க சொல்றது நெஜம்னு சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

லேடீஸ் ஹாஸ்டலில் பிடிபட்டதைக் கட்டின மனைவியிடம் நானே சொல்லி, சாட்சி சொல்ல அவளையே அழைக்க வேண்டும். சொன்னேன். பிலோமினா அம்மிக்குழவியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தினி பேரு பாத்தாங்க?"

"மாடி முழுக்க."

சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே எடுத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள்.

ஹாஸ்டல் கேட்டில் வாட்ச்மேன் அவளை மட்டும் உள்ளே விட்டார். நான் தெருவில் நின்று, "மெதுவா! கூட்டுக்கு நடுவுல இருக்கற அடை!" என்று மதிலுக்கு மேலே கத்தினேன். உள்ளேயிருந்து, "சும்மா இருங்க, அதுங்க பயப்படுது" என்று அவள் குரல் வந்தது. அவளை ஒரு தேனீயும் கொட்டவில்லை. வெளியே நின்ற என் மூக்கில் ஒன்று கொட்டியது.

முட்டைகள் குளிர்ந்துவிடக் கூடாதென்று அடைத் துண்டை டிபன் டப்பாவில் வைத்து, மடியில் முந்தானையால் மூடி, ரயிலில் அசையாமல் கொண்டுவந்தாள். புது ராணி பிறந்தது. கோழிக்கு வேறு இடம் பார்த்தோம்.

அதற்குப் பிறகு பிலோமினாவும் வார்டன் அம்மாவும் தேனீ பற்றிப் பேச அடிக்கடி சந்தித்தார்கள். விடுதிப் பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். கூட்டாளிகளைத் தேடி அலைந்தவன் நான். அந்தக் கூட்டத்துக்குள் கடைசி வரை என்னைச் சேர்க்கவில்லை. வார்டன் அம்மா ஓய்வுபெறும் வரை கேட்டுக்கு எதிரே டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கும் விசேஷ வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற நான் கொஞ்சம் தாமதித்தால் போதும், என் பெண் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்:

"தைரியமா வாப்பா, இங்க ஆம்பளைங்களையும் வுடுவாங்க!"