இடது சப்பாத்துக்குள் ஒரு நோட்டீஸ்

லண்டன் தமிழர்களில் வாயே திறக்காமல் ஒரு கோயில் முழுவதையும் சண்டைக்கு இழுத்த ஒரே மனிதர் எங்கள் நோட்டீஸ் அண்ணைதான். மற்றவர்கள் கூட்டத்தில் கத்துவார்கள், மைக்கைப் பிடுங்குவார்கள், வாட்ஸ்அப்பில் நாலு குறூப் தொடங்குவார்கள். இவர் ஒரு தாளை நாலாக மடித்து, வாசலில் நீங்கள் கழற்றி வைத்த இடது சப்பாத்துக்குள் செருகிவிட்டு, பேசாமல் பஸ் ஏறிவிடுவார். வலது சப்பாத்தில் வைக்க மாட்டார்.

"சனம் அவசரத்தில வலது காலைத்தான் முதல் போடும் தம்பி. மிதிச்சுப்போடும்" என்பார்.

சுவிஸில் பத்து வருடம் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தவர். இங்கே ஒரு பெரிய நூலகத்தில் வேலை. நிலவறையிலிருந்து பழைய காகிதப் பெட்டிகளை ஏற்றி, வாசிக்க வருகிறவர்களின் மேசைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தவை முந்நூறு வருடத்துக்கு முந்தைய துண்டுப் பிரசுரங்கள். அரசியலுக்கும் தேவாலயத்துக்கும் அன்றைய லண்டன் தனக்குள் அடிபட்ட அடி கொஞ்சமல்ல. ஒருவர் பெயர் போடாமல் ஒரு பிரசுரம் எழுத, இன்னொருவர் அதற்கு மறுமொழி எழுத, மூன்றாமவர் மறுமொழிக்கு மறுமொழி எழுதுவார். அண்ணை ஆங்கிலம் படித்ததே இவற்றை வாசித்துத்தான்.

அதனால் அவருடைய ஆங்கிலத்துக்கும் வயது முந்நூறு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஒருமுறை குப்பை வாளியைத் தள்ளி வைத்துவிட்டார். 'கனம் பொருந்திய அயலவருக்கு ஓர் அடக்கமான விண்ணப்பம்' என்று ஆறு பக்கம் எழுதி அவருடைய கதவிடுக்கில் போட்டார் அண்ணை. வெள்ளைக்காரர் அரண்டுபோய், தன் வாளியோடு அண்ணையின் வாளியையும் கழுவி வைத்தார்.

கோயிலில் அவர் கைவைத்த முதல் விஷயம் பொங்கல். 'வெள்ளிக்கிழமைப் பொங்கலில் உப்பில்லை' என்று ஒரு நோட்டீஸ் வந்தது. அடுத்த வாரம், 'உப்புத் தேடுவோர் வீட்டில் தேடுக' என்று ஒரு மறுமொழி. அதற்கடுத்த வாரம் மறுமொழிக்கு மறுமொழி. எல்லாவற்றின் அடியிலும் 'இப்படிக்கு, ஓர் உண்மை அடியான்' என்றுதான் இருக்கும். சனம் உப்புக் கட்சி, உப்பில்லாக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. மூன்று வாரமும் எழுதியது ஒரே கை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தாள்களைக் கணினியில் அடித்துக் கொடுத்தவன் நான்.

ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியர். பள்ளி அறைப் பூட்டின் திறப்பும் பிரிண்டரும் என் பொறுப்பில் இருந்தன. அண்ணை கிழங்கு ரோல்ஸோடு வருவார், கையெழுத்துத் தாளை நீட்டுவார்.

"அண்ணை, ரெண்டு பக்கமும் நீங்களோ?"

"ஓம். மற்றவன் மறுமொழி எழுதுவான் எண்டு பாத்துக்கொண்டிருக்க ஏலுமோ? வயசு போகுது."

ரோல்ஸ் சூடாக இருக்கும். நானும் அடித்துக் கொடுத்துவிடுவேன்.

அந்த வருடம்தான் எனக்கும் வதனிக்கும் ஆவணியில் கலியாணம் என்று முற்றாகியிருந்தது. வதனியின் அப்பாதான் கோயில் தலைவர். அவர் ஒரு பல் டொக்டர். யார் சிரித்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைப் பார்ப்பார். பெண் கேட்டுப் போன அன்று என்னையும் அப்படித்தான் பார்த்தார். தேறிவிட்டேன்.

எங்கள் கோயிலோடு கோபித்துக்கொண்டு போனவர்கள் இரண்டு பஸ் தரிப்பு தள்ளி இன்னொரு கோயில் தொடங்கியிருந்தார்கள். இங்கேயும் பிள்ளையார், அங்கேயும் பிள்ளையார். நிர்வாகம்தான் வேறு. சனம் இங்கே பூசை பார்த்துவிட்டு, அங்கே மோதகம் நல்லது என்று அங்கேயும் போனது. தலைவருக்கு இது பொறுக்கவில்லை. இரண்டு கோயிலுக்கும் போகிறவருக்கு நிர்வாகத்தில் இடமில்லை என்று சட்டம் கொண்டுவரப் போவதாக அறிவித்தார்.

அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. "தம்பி, இது பழைய சண்டை! பதவிக்காக வருசத்தில ஒருக்கா அரசாங்கத் தேவாலயத்துக்குப் போயிட்டு, மற்ற நாளெல்லாம் தங்கட சபைக்குப் போன ஆக்களை என்ன செய்யிறது எண்டு அப்பவும் இப்பிடித்தான் அடிபட்டவங்கள். நான் பெட்டி பெட்டியாத் தள்ளினனான்!"

அந்தக் கிழமையே புது நோட்டீஸ் தயார். இந்த முறை தலைவரைத் தாக்கவில்லை. தலைவரின் கட்சிக்காரர் போலவே எழுதியிருந்தார். 'இருகோயிலாரை ஒழிக்க இலகுவான வழி' என்று தலைப்பு. வாசலில் ஒவ்வொரு நெற்றியையும் மணந்து பார்த்து, மற்றக் கோயில் திருநீறு என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டுமாம். மற்றக் கோயில் மோதகம் உண்டவர் மூன்று வெள்ளி உப்பில்லாப் பொங்கல் உண்ண வேண்டுமாம். நான் சிரித்துச் சிரித்து அடித்தேன். மாமனாரைப் பற்றி அடிக்கிறேன் என்ற நினைப்பே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, நோட்டீஸ் பாத்தனீரோ? முதல் பக்கம் வாசிச்சன். ஆரோ படிச்ச மனுசன். எங்கட பக்கம் இப்பிடி ஒரு பேனை இருக்கு! பொதுக்கூட்டத்தில வாசிக்கப் போறன்."

"ஓம் மாமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "பகிடி எண்டு விளங்கேல்லையோ?"

"விளங்கேல்லை அண்ணை. சட்டமாக்கப் போறார்."

"அப்பவும் இதேதான் நடந்தது" என்றார் மெதுவாக. "எதிர்க்கட்சிக் குரலில ஒருத்தர் பகிடியா எழுத, அவங்கள் மெய்யெண்டு தலையில வச்சு ஆடினவங்கள். பிறகு உண்மை தெரிஞ்சதும் ஆளைப் பிடிச்சுச் சந்தியில பலகையில மாட்டி நிப்பாட்டினவங்கள். ஆனால் சனம் அழுகின முட்டை எறியேல்லையாம். பூ எறிஞ்சதாம்."

"அச்சடிச்சவனுக்கு என்ன நடந்தது?"

அண்ணை ரோல்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவனைத்தான் முதல் பிடிச்சவங்கள்."

பொதுக்கூட்டத்தில் தலைவர் கம்பீரமாக வாசித்தார். நெற்றி மணப்பதற்கு அவருடைய ஆட்கள் கைதட்டவும் செய்தார்கள். பிறகு தாளைத் திருப்பினார். அவர் பார்த்திராத இரண்டாம் பக்கம் அது.

"இச்சட்டத்தை முதற்குற்றவாளியிலிருந்தே தொடங்குக. ஒரே வெள்ளிக்கிழமையில் இரு கோயிலிலும் இருக்கிறார். இரு கோயில் மோதகமும் உண்கிறார். பெருவயிறும் தும்பிக்கையும் உடைய அவரை உடனே மூலஸ்தானத்திலிருந்து..."

அங்கே நிறுத்தினார். முன்வரிசையில் யாரோ 'களுக்' என்றார்கள். அவ்வளவுதான், மண்டபம் முழுக்கப் பல். பார்த்த தலைவருக்கு ஒரு பல்லும் பிடிக்கவில்லை. சட்டம் அன்றே செத்தது.

அடுத்த ஞாயிறு விசாரணைக் கூட்டம். தலைவர் ஒரு கையில் நோட்டீஸ், மறு கையில் எங்கள் பள்ளிப் பரீட்சைத் தாள். எங்கள் பிரிண்டருக்கு ஒரு வியாதி இருந்தது. எந்தத் தாளிலும் வலது ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று விழும். இரண்டு தாளிலும் அந்தக் கோடு இருந்தது.

"அச்சடிச்சவனைப் பிடிச்சால் எழுதினவன் தானா வருவான்" என்று சொல்லி, தலைவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். எனக்கு ஆவணி மாதம் முழுவதும் கண்முன் கழன்று விழுந்தது. வதனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

"எழுதினதும் நான். அடிச்சதும் நான்" என்றார் அண்ணை. அந்த மண்டபத்தில் அவர் குரலை யாரும் அதுவரை கேட்டதில்லை. "தம்பியிட்டை வகுப்பறை கூட்டிறன் எண்டு பொய் சொல்லித் திறப்பு வாங்கினனான். அவருக்கு ஒண்டும் தெரியாது."

நான் எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக, ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அப்படி ஒரு மூச்சை என் வாழ்நாளில் நான் விட்டதில்லை.

தண்டனை உடனே தீர்மானமானது. தேர்த் திருவிழா முடியும்வரை அண்ணை வாசலில் நின்று சப்பாத்துக் காவல் பார்க்க வேண்டும். கள்ளனையே காவலுக்கு வைத்த கதையை எங்கள் கோயிலில்தான் நேரில் பார்த்தேன். சனமும் தண்டனைக்கு ஒத்துழைத்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் அருச்சனைப் பூவையும் வடையையும் அவருடைய கதிரையில் வைத்துவிட்டுப் போனார்கள். தலைவர் பார்க்காத நேரம் வதனி வைத்ததையும் கண்டேன். அண்ணை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "முட்டை இல்லை, தம்பி" என்றார்.

கலியாணம் நடந்தது. தேரும் முடிந்து வருடங்கள் போய்விட்டன. யாரும் சொல்லாமலே அண்ணை இன்றும் சப்பாத்துக் காவலில்தான் நிற்கிறார். நாங்கள் இரண்டு கோயிலுக்கும் போகிறோம். மாமா இதை வாசித்தால் வாசிக்கட்டும். என் பல்லை இப்போதும் அவர்தான் பார்க்கிறார், பயம் அது ஒன்றுதான்.

வருகிற வெள்ளி, பத்திரிகையின் இந்தப் பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்து, அண்ணையின் இடது சப்பாத்துக்குள் வைக்கப் போகிறேன். அச்சடித்தவன் நான்தான், அண்ணை. எழும்பக் கொஞ்சம் பிந்திவிட்டது.